இருபது பைசாவில் இரண்டு வருஷம்

கல்யாணமாகிக் கோவில்பட்டிக்கு வந்த புதிதில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பேசிக்கொள்ள விஷயமே கிடைக்கவில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. விடியும் முன்னே வேலைக்குப் போவார், பொழுது சாய வருவார். "சாப்பிட்டியா?" என்பார். "சாப்பிட்டேன்" என்பேன். "ஊர்ல மழை உண்டா?" என்பார். "இல்லையாம்" என்பேன். அதோடு சரி. எங்கள் பக்கத்தில் மழையைப் பற்றி எத்தனை நாள்தான் பேசுவது, பெய்தால்தானே?

அவர் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். கோவில்பட்டிக்கும் நாகலாபுரத்துக்கும் ஓடுகிற பஸ். என் பிறந்த வீடும் நாகலாபுரத்துக்குப் பக்கம்தான். அப்பாவை நாங்கள் அய்யா என்போம். அய்யாவுக்கு நிலம் நிறைய உண்டு, எல்லாம் மானாவாரிக் கரிசல். கம்பு, பருத்தி, கொத்தமல்லி என்று வானத்தை நம்பி விதைக்கிற சம்சாரி வீடு. மூன்று வருஷம் தொடர்ந்து வானம் ஏமாற்றியதால்தான் என்னைச் சம்பளக்காரருக்குக் கொடுத்தார். சொந்தக்காரர்கள் முகம் சுளித்தபோது, "மழை பெஞ்சாலும் பெய்யாட்டாலும் காரு ஓடும்லா" என்று அவர்கள் வாயை அடைத்துவிட்டார்.

ஆனால் எங்கள் பக்கத்தில் 'கார்' என்று சொல்கிற அந்தப் பஸ்ஸில் ஏற மட்டும் அவருக்கு மனசில்லை. மருமகன் கையால் டிக்கெட் வாங்குவதா? காசு கொடுத்து வாங்கினாலும் கேவலம், கொடுக்காமல் ஏறினாலும் கேவலம். எங்கள் வீட்டுக்கு வரவேண்டும் என்றால், மருமகன் பஸ்ஸைப் போகவிட்டு, புளியமரத்தடியில் காத்திருந்து அடுத்த பஸ்ஸில்தான் வருவார்.

என் வீட்டுக்காரருக்கு அன்றன்றைக்குப் படி உண்டு. அதைச் சில்லறையாகத்தான் வாங்கி வருவார். ஒரு நாள் அந்தச் சில்லறையில் வித்தியாசமான ஒரு பத்துப் பைசாவைப் பார்த்தேன். வழக்கம்போல விளிம்பு நெளிந்த அலுமினியக் காசுதான். ஆனால் ஒரு பக்கத்தில் அப்பா, அம்மா, பிள்ளைகள் நிற்கிற படம் இருந்தது.

"இது செல்லுமா? கடையில வாங்க மாட்டாவளே" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். கல்யாணமான பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அதை ஏன் கேக்க? காலையில ஒரு பெரியவருக்கு மிச்சமா இதைக் குடுத்தேன். கையை இழுத்துக்கிட்டாரு. 'அண்ணாச்சி, இந்தக் காசு வேண்டாம். இதை வாங்குனா நாம சம்மதிச்ச மாதிரி ஆயிருமாம். அப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி அறுத்துருவாவளாம்'னாரு."

ஊர் ஊராகக் குடும்பக் கட்டுப்பாட்டு முகாம் நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்தப் பயம் ஆம்பிளைகள் எல்லோருக்கும் இருந்தது.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'பெரியவரே, உங்களுக்கு வயசு அறுபது இருக்கும். உங்களை யாரு கூப்பிடப் போறா'ன்னேன். அதுக்கு அவரு, 'வயசு என்னவா இருந்தா என்ன அண்ணாச்சி, கத்தி கத்திதானே'ங்காரு. காரே சிரிச்சுது. கடைசியில வேற காசு குடுத்த பிறகுதான் இறங்குனாரு."

நானும் சிரித்தேன். சோறு ஆறுவது தெரியாமல் அன்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

மறுநாளிலிருந்து படம் போட்ட காசு எது வந்தாலும் அவர் சட்டையின் இடது பையில் தனியாகப் போட்டு வர ஆரம்பித்தார். கைக்காசை அதற்கு ஈடாகப் பஸ் பையில் போட்டுவிடுவார். வந்ததும், "இந்தா, இன்னைக்கு என்ன சிக்கியிருக்குன்னு பாரு" என்று நீட்டுவார். நான் ஒரு பழைய பவுடர் டப்பாவில் சேர்த்தேன். எழுத்தெல்லாம் இந்தியிலும் இங்கிலீஷிலும்தான் இருக்கும். நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். இங்கிலீஷ் எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டித் தமிழில் சொல்வேன். ஓர் ஐம்பது பைசாவைச் சுற்றிக் கதிர் போட்டிருந்தது. "உணவு உற்பத்தியைப் பெருக்குங்கன்னு எழுதியிருக்கு" என்றேன்.

"யாருக்குச் சொல்லுதாவ, நமக்கா மழைக்கா?" என்றார் அவர்.

காசைப் படிப்பதில் ஒரு ருசி இருந்தது. பெரும்பாலும் அடியில் ஒரு வருஷம் இருக்கும், அந்த வருஷம் அடித்த காசு. அந்த வருஷத்துக்குக் கீழே சிலதில் எள்ளில் பாதி அளவுக்கு ஒரு சாய்சதுரம், சிலதில் ஒரு நட்சத்திரம், சிலதில் ஒன்றுமில்லை. அவர் அதைத் தேய்மானம் என்றார். நான் இல்லை, முத்திரைதான் என்றேன். "தேஞ்சா எல்லாம் ஒரே மாதிரி நட்சத்திரமாவா தேயும்?" என்று கேட்டதும் காசைக் கண்ணருகே கொண்டுபோய் இன்னொரு தரம் பார்த்தார். ஆனால் அது எதற்கான முத்திரை என்று எனக்கும் தெரியாது.

இப்படி இருக்கும்போதுதான் அந்த வதந்தி கிளம்பியது.

மகாத்மா தலை போட்ட மஞ்சள் நிற இருபது பைசா அப்போது எல்லாக் கையிலும் புழங்கியது. தலைக்குக் கீழே 1869-1948 என்று போட்டிருக்கும். அது நூறு வருஷத்துக்கு முந்தைய காசு, அதில் தங்கம் கலந்திருக்கிறது, மதுரையில் ஒன்றுக்கு நூறு ரூபாய் கொடுக்கிறார்கள் என்று ஆட்டு வியாபாரி ஒருவர் சொல்லிப்போனாராம். அந்தப் பேச்சு தீ மாதிரிப் பரவியது. தட்டார் கடையில் அந்தக் காசை வளைத்து மோதிரம் செய்துகொண்டவர்கள் கூட உண்டு. ஆளாளுக்கு இருபது பைசாவைப் பதுக்க, பஸ்ஸில் சில்லறைக்குப் பஞ்சம் வந்துவிட்டது. "மிச்சக் காசு எங்கேய்யா?" என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் என் வீட்டுக்காரர் ஏச்சு வாங்கினார். தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வருவார்.

ஒரு நாள் மத்தியானம் அய்யா வந்தார். வழக்கம்போல அடுத்த பஸ்ஸில். கையில் உரச்சாக்கைக் கிழித்துத் தைத்த ஒரு பை. என் வீட்டுக்காரருக்கு அன்று ஓய்வு நாள். அய்யா தண்ணீர் கூடக் குடிக்காமல், "ஏட்டி, கதவைச் சாத்து" என்றார். பையைப் பாயில் கவிழ்த்தார். மஞ்சள் மஞ்சளாக அத்தனையும் மகாத்மா காசு.

"இவ்வளவும் ஏது அய்யா?"

"ஊர்ல உள்ளது பூரா நம்ம கிட்டதான். ஒவ்வொண்ணுக்கும் நாலணாக் குடுத்து மாத்துனேன். பயலுவளுக்கு அஞ்சு பைசா லாபம்னு சந்தோசம்." அய்யாவின் கண் மின்னியது. "மாப்பிள்ளை, மதுரையில இதை வாங்குத இடம் உங்களுக்குத் தெரியுமா? ஒரு ஜோடி காளை வாங்கிரலாம்னு இருக்கேன்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். மாமனாரிடம் மறுத்துப் பேச அவருக்குக் கூச்சம். நான்தான் ஆரம்பித்தேன்.

"அய்யா, இதுல என்ன போட்டிருக்கு? இருபது பைசா. பைசாங்கறது எப்ப வந்துது? நான் சின்னப் பிள்ளையா இருக்கப்பதானே அணாக் கணக்குப் போயி நயா பைசா வந்துது? நூறு வருசத்துக்கு முந்தி வெள்ளைக்காரன் எப்படிப் பைசாவுல அடிச்சிருப்பான்?"

அய்யா கொஞ்சம் யோசித்தார். "அப்ப ஆயிரத்து எண்ணூத்தி அறுபத்தொம்பதுன்னு ஏன் போட்டிருக்கு?"

"அது அவிய பொறந்த வருசம். நாப்பத்தெட்டு, அவிய போன வருசம். பொறந்து நூறு வருசம் ஆனதுக்காக அடிச்சது."

"பொறந்தப்பவே அடிச்சிருக்கக் கூடாதா?"

"பொறந்த பிள்ளைக்கா அய்யா வழுக்கைத் தலையோட காசு அடிப்பாவ?"

என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். அய்யாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ எஸ்.எஸ்.எல்.சி. படிச்சுட்டா போதுமா? வியாபாரி சொல்லட்டும், ஒத்துக்கிடுதேன்" என்று காசை வாரிப் பையில் போட்டார்.

அடுத்த ஓய்வு நாளில் மூன்று பேரும் மதுரைக்கு ரயிலேறினோம். நானும் வருகிறேன் என்று பிடிவாதமாகக் கிளம்பினேன், பவுடர் டப்பாவும் கையிலிருந்தது. விசாரித்து விசாரித்து, கோயில் வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் பழைய நாணயமும் தபால்தலையும் விற்கிற கடையைக் கண்டுபிடித்தோம். பெட்டிக்கடையை விடக் கொஞ்சம் பெரியது. கடைக்காரர் முறுக்குத் தின்றுகொண்டிருந்தார். அய்யாவின் பையைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது.

"மகாத்மா இருபது பைசாவா?"

"ஆமா."

அவர் எழுந்துபோய் ஒரு பிஸ்கட் தகரத்தைத் தூக்கி வந்து எங்கள் முன்னால் வைத்தார். விளிம்பு வரை அதே காசு. "இந்தக் கதையை நம்பி வந்தவுக எங்கிட்ட விட்டுட்டுப் போனது. உங்களுக்கு வேணும்னா இருபது பைசாவுக்கு இருபது பைசா தாரேன். நேத்துக்கூட ராமநாதபுரம் பக்கத்துல இருந்து ஒருத்தர் மூட்டையோட வந்தாரு."

அய்யா தகரத்துக்குள் கையை விட்டு ஒரு காசை எடுத்துப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு மெதுவாக, "தங்கம்?" என்றார்.

"பித்தளை மாதிரி ஒரு கலப்பு. புளி போட்டுத் தேய்ச்சா மினுங்கும், அவ்வளவுதான்."

கடைக்காரர் நல்ல மனிதர். மூன்று பேரையும் உட்காரவைத்து எங்களுக்கும் முறுக்குக் கொடுத்தார். என் டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்தச் சின்ன முத்திரையைப் பற்றிக் கேட்டேன். சாய்சதுரம் பம்பாயில் அடித்தது, நட்சத்திரம் ஹைதராபாத்தில் அடித்தது, ஒன்றும் இல்லாவிட்டால் கல்கத்தா என்றார். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. எங்கேயோ பம்பாயில் அடித்த பத்துப் பைசா, யார் யார் கையிலோ புரண்டு, நாகலாபுரம் பஸ்ஸில் ஏறி என் அடுப்படிக்கு வந்திருக்கிறது! என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "சரி, தேய்மானம் இல்லை" என்றார்.

"அப்ப விலை போற காசு எதுதான்?" என்று அய்யா கேட்டார்.

"பழசா இருக்கதுனால மட்டும் விலை வராதுங்க. எத்தனை அடிச்சாங்க, எத்தனை மிச்சமிருக்கு, தேயாம இருக்கா, இதுதான் கணக்கு. இந்த இருபது பைசாவைக் கோடிக்கணக்குல அடிச்சு விட்டிருக்காங்க. உங்க ஊர்ல கம்பு நல்லா விளைஞ்ச வருசம் கம்பு என்ன விலைக்குப் போகும்?"

அய்யாவுக்கு அது சட்டென்று பிடிபட்டது. "மதிப்பே இருக்காது" என்றார்.

"அதேதான். இந்தப் பிள்ளை வச்சிருக்கதும் இன்னைக்கு அந்தந்த விலைதான். ஆனா தேயாம இருக்கு. ஆசைக்கு வச்சிருக்கட்டும்."

கடையை விட்டு வெளியே வந்ததும் அய்யா பையைத் தோளிலிருந்து இறக்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். திடீரென்று வயசாகிவிட்ட மாதிரி இருந்தது. ஊரில் என்ன சொல்லிக்கொண்டு போவார்? வழுக்கைத் தலை என்று கேலி பேசியிருக்க வேண்டாமே என்று தோன்றியது.

என் வீட்டுக்காரர்தான் பேச்சை எடுத்தார். "மாமா, எனக்கு ஒரு உதவி செய்யணும். இந்தக் காசை எனக்குத் தாங்க, நோட்டாத் தந்துருதேன். சில்லறை இல்லாம தினம் காருல உயிர் போகுது."

அய்யா அவரை உற்றுப் பார்த்தார். "பரிதாபப்பட்டுச் சொல்லுதீங்களா மாப்பிள்ளை?"

"சத்தியமா இல்ல மாமா. நாளைக்கு என் காருல வந்து பாருங்க."

அன்று மதுரையில் நன்றாகச் சாப்பிட்டோம். அய்யா இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கினார், அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

மறுநாள் காலை, அம்மாவைப் பார்க்க நானும் அய்யாவோடு கிளம்பினேன். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் அய்யா ஒரு நிமிஷம் தயங்கி நின்றார். பிறகு வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு மருமகன் பஸ்ஸில் ஏறி, முன்வாசலுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். டிக்கெட் கொடுக்க வந்ததும் இரண்டு பேருக்கும் முழுக் காசை நீட்டினார். என் வீட்டுக்காரர் மறுபேச்சுப் பேசாமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து, "ரைட்" என்று விசில் ஊதினார். இத்தனை நாள் இதற்காகவா புளியமரத்தடியில் காத்துக்கிடந்தோம் என்பது போல அய்யா அந்த டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஊரைத் தாண்டிக் கரிசல் காடு தொடங்கியதும் ஆட்கள் ஏற ஆரம்பித்தார்கள். சண்டையும் ஏறியது. "ரூபாய்க்குச் சில்லறை இல்லைன்னா என்ன கண்டக்டர் நீரு?" "இறங்கும்போது தாரேங்கீரு, இறங்குனா விசில் ஊதிருதீரு." "போன வாரத்து மிச்சமே இன்னும் வரலை." என் வீட்டுக்காரர் ஒவ்வொருவரிடமும் கும்பிடாத குறையாகப் பேசிக்கொண்டிருந்தார். மிளகாய் மூட்டையோடு ஏறிய ஒரு அம்மா, "நாப்பது பைசாவை முழுங்கப் பாக்கியோ?" என்று கத்தியபோது அய்யாவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்தார். பைக்குள் கையை விட்டு இரண்டு காசை எடுத்து, அந்த அம்மா கையில் வைத்தார்.

அந்த அம்மா காசைப் பார்த்தார், அய்யாவைப் பார்த்தார். "இது தங்கக் காசுல்லா! நூறு வருசத்துக் காசு. இதையா தூக்கிக் குடுக்கீங்க?"

பஸ் முழுக்க இந்தப் பக்கம் திரும்பியது. அய்யா நெஞ்சை நிமிர்த்தினார். "யாரும்மா சொன்னா? அறுபத்தொம்பது அவிய பொறந்த வருசம். பொறந்த பிள்ளைக்கு யாராவது வழுக்கைத் தலையோட காசு அடிப்பாவளா? நேத்து மதுரையில பெரிய வியாபாரி கிட்டயே கேட்டுட்டு வாரேன். இருபது பைசாவுக்கு மேல ஒரு பைசா கூடப் பெறாது."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. மூலையில் உட்கார்ந்திருந்த ஒருவர் மெதுவாக மடியை அவிழ்த்து, "அப்ப எனக்கு ஒரு பீடிக்கட்டு வாங்க ஆச்சு" என்று பதுக்கிவைத்திருந்த நாலைந்து காசை எடுத்தார். நாகலாபுரம் போய்ச் சேரும்வரை அய்யா சீட்டில் உட்காரவே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாருக்கு எவ்வளவு மிச்சம் என்று கேட்டுக் கேட்டுச் சில்லறை கொடுத்துக்கொண்டே வந்தார். நாலணா கொடுத்து வாங்கியதை இருபது பைசாவாகக் கொடுக்கிறோமே என்ற வருத்தம் அவர் முகத்தில் தெரியவில்லை. இறங்கும்போது பை பாதியாகியிருந்தது. மிச்சத்தை மருமகன் பையில் கொட்டி, "வச்சுக்கோங்க, இனி உங்களை யாரும் ஏசமாட்டாவ" என்றார். என் வீட்டுக்காரர் கணக்குப் பார்த்து நோட்டை நீட்டினார். அய்யா எண்ணாமல் மடியில் சொருகிக்கொண்டார்.

அன்றிலிருந்து அய்யா வேறு பஸ் ஏறியதில்லை. வாரம் தவறினாலும் மாதம் தவறாமல் வருவார். முன்வாசல் சீட்டு அவருக்கென்றே ஆகிவிட்டது. காளை மாடு அந்த வருஷம் வாங்க முடியவில்லை. பழைய மாட்டை வைத்தே விதைத்தார். ஐப்பசியில் மழை பிந்தினாலும் நின்று பெய்தது. செவலைக் காளையும் மயிலைக் காளையும் மறுவருஷம் பருத்தி விற்ற பணத்தில் வந்து சேர்ந்தன.

அந்தச் சமயம் நான் ஆறு மாதம். என்னை ஊருக்குக் கூட்டிப்போக அய்யா வந்திருந்தார். பஸ் ஸ்டாண்டில் என்னை பெஞ்சில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். டீக்கடையில் ஒருவர் புதிதாக வந்த பத்துப் பைசாவை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். குழந்தைகள் ஆண்டுக்காக அடித்தது, பிள்ளைப் படம் போட்டிருந்தது.

"செல்லுமா அண்ணாச்சி இது?" என்று அவர் கேட்க, அய்யா காசை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"நல்லாச் செல்லும். காசுல வருசம் பாக்கணும், கேட்டுக்கோங்க. ரெண்டு வருசம் போட்டிருந்தா அவிய செத்துப் போனவிய. ஒத்த வருசம் போட்டிருந்தா இன்னும் உசிரோட இருக்காவன்னு அர்த்தம்." காசை எல்லோருக்கும் தெரியும்படி திருப்பிக் காட்டினார். "இந்தா பாருங்க, ஒத்த வருசம்தான் போட்டிருக்கு. இந்தப் பிள்ளை நல்லா இருக்கு."

சுற்றி நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். டிக்கெட் கட்டோடு வந்த என் வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டு, "இல்ல மாமா" என்று வாயெடுத்தார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, டீ புரையேறியது. "மெதுவா குடிட்டி" என்று சொல்லிக்கொண்டே அவரும் சிரித்தார். அய்யா எங்களைத் திரும்பிப் பார்த்து, என்ன விஷயம் என்று தெரியாமலே, தானும் சிரித்துவிட்டு, காசை அந்த ஆளிடம் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். பஸ் கிளம்புகிற நேரம் ஆகிவிட்டது. ஏறி உட்கார்ந்தோம்.